எஃப் எட்டை அழுத்திய காலை

இப்போது கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர், கட்டளை அடிக்கும் ஷெல் திரையில் சொந்தமாகக் குறுக்குவிசைகள் வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு விசையைத் தட்டினால் நீளமான கட்டளை முழுசாக வந்து விழும். என்டர் கூட அதற்குள்ளேயே இருக்கும். நல்லதுதான். வேலை சீக்கிரம் முடியும், விரலும் வலிக்காது. வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் வேறொருவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தால், ஓய்வு பெற்ற பிறகும், என் கை விசைப்பலகைக்கு மேலே சற்று நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டுத்தான் கீழே இறங்குகிறது. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தனியார் எண்ணெய்க் கிடங்கில் கம்ப்யூட்டர்களுக்கு நான் பொறுப்பு. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கப்பலிலிருந்து நாப்தா குழாய் வழியாக எங்கள் டேங்குகளுக்கு வரும். அங்கிருந்து டேங்கர் லாரிகளில் மணலிக்குப் போகும். நாப்தா என்பது பெட்ரோலுக்குப் பங்காளி. திறந்து வைத்தால் ஆவியாகிவிடும், ஒரு பொறி போதும் பற்றிக்கொள்ள, மூடிய இடத்தில் அதன் ஆவியைச் சுவாசித்தால் மனிதன் நின்ற இடத்திலேயே சாய்வான். அதனால் கிடங்கில் எல்லோருக்கும் மூக்கு கூர்மையாகத்தான் இருந்தது.

இன்றைக்கு நீங்கள் பார்க்கிற வண்ணப்படத் திரையெல்லாம் அப்போது வரவில்லை. கன்ட்ரோல் ரூமில் ஒரு லினக்ஸ் மெஷின். ஆபரேட்டர் ஷெல்லில் கட்டளை அடிப்பார். அது யார்டில் இருக்கும் வால்வு மோட்டாருக்குப் போகும். வால்வு மெதுவாகத் திறக்கும் அல்லது மூடும். எந்த டேங்குக்குள் எண்ணெய் இருக்கிறது, எந்த டேங்குக்குள் மனிதர் இருக்கிறார் என்பதெல்லாம் அந்த மெஷினுக்குத் தெரியாது.

மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே லாகின். அதனால் குறுக்குவிசைகளை எழுதி வைக்கும் .inputrc கோப்பும் எல்லோருக்கும் ஒன்றுதான். வீட்டுச் சாவியைத் தெருவுக்கே கொடுத்து வைத்த மாதிரி என்று இப்போது தோன்றுகிறது. அப்போது யாருக்கும் அது ஆபத்தாகத் தெரியவில்லை.

அன்று கன்னியப்பன் ஷிஃப்ட். திருவொற்றியூர் குப்பத்துப் பிள்ளை. அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள்; இவன் மட்டும் டிப்ளமோ முடித்து இந்தப் பக்கம் வந்துவிட்டான். அவனை மாதிரி கவனமான ஆபரேட்டரை நான் அதிகம் பார்த்ததில்லை. எஃப் எட்டைத் தட்டினால் எல்லா டேங்குகளின் எண்ணெய் மட்டமும் திரையில் வரும். எஃப் ஒன்பதைத் தட்டினால் கடைசியாகக் கொடுத்த கட்டளை ரத்தாகும். பேசிக்கொண்டே, டீ குடித்துக்கொண்டே, திரையைப் பார்க்காமலே எஃப் எட்டைத் தட்டுவான். கை தானாகப் போகும்.

இன்னொரு ஷிஃப்டில் ரகுபதி என்று ஒருவர். சில நாட்களுக்கு முன்பு, நான்காம் டேங்க் நிறைந்ததும் ஆறாம் டேங்குக்கு மாற்ற வேண்டும் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. மாற்றும்போது தடுமாறக் கூடாது என்று அவர் அந்தப் பொதுக் கோப்பின் கடைசியில் இரண்டு வரி சேர்த்தார். எஃப் எட்டு என்றால் ஆறைத் திற. எஃப் ஒன்பது என்றால் நான்கை மூடு. இரண்டின் முடிவிலும் என்டர். ஒரே விசைக்கு இரண்டு வரி இருந்தால் கடைசி வரிதான் செல்லும். அன்றைக்கே ஏற்பாடு மாறிவிட்டது. ஆறாம் டேங்கைக் காலி செய்து, காற்றாட விட்டு, உள்ளே சுத்தம் செய்யலாம் என்று முடிவானது. ரகுபதி சேர்த்த வரிகளை அவரே மறந்துபோனார்.

மறந்தும் ஏன் இத்தனை நாள் ஒன்றும் நடக்கவில்லை என்று கேட்பீர்கள். ஷெல் தொடங்கும்போதுதான் அந்தக் கோப்பைப் படிக்கும். எங்கள் கன்ட்ரோல் ரூம் ஷெல்லை யாரும் மூடுவதே இல்லை. பழைய ஷெல் பழைய விசைகளோடு ஓடிக்கொண்டே இருந்தது. புது வரிகள் கோப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்தன.

அன்று காலை கரண்ட் கண்சிமிட்டும் நேரம் போய் வந்தது. யுபிஎஸ் பேட்டரி பழசு. மெஷின் அணைந்து திரும்ப எழுந்தது. கன்னியப்பன் மறுபடி லாகின் செய்தான். மெஷின் ஒழுங்காக வந்துவிட்டதா என்று பார்க்க நான் அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றேன். ஷிஃப்ட் இன்சார்ஜ் ஜன்னலோரம் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். கனத்த உடம்புக்காரர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இன்னொரு கப்பலிலிருந்து நான்காம் டேங்குக்கு எண்ணெய் வந்துகொண்டிருந்தது.

ஆறாம் டேங்குக்குள் இரண்டு பேர் இறங்கியிருந்தார்கள். சடையங்குப்பத்து ஏழுமலையும் அவர் கூட்டாளி ஒருவரும். கான்ட்ராக்ட் ஆட்கள். காலையில் கேட்டருகே ஏழுமலையைப் பார்த்திருந்தேன். வெயில் ஏறினால் டேங்க் அடுப்பாகிவிடும், அதற்குள் அடியில் படிந்த சேற்றில் பாதியை வாரிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கன்னியப்பன் எஃப் எட்டைத் தட்டினான்.

மட்டங்கள் வரவில்லை. ஒரே ஒரு வரி வந்தது. ஆறாம் வால்வு திறக்கிறது.

அவன் அதை ஒருமுறை படித்தான். மறுபடி படித்தான். பிறகு திரும்பாமலே, மிக மெதுவாகச் சொன்னான். “எக்கா, நான் லெவல் பாக்கத்தான் அமுக்குனேன். ஆறு தொறந்துகினு கீது.”

சொல்லிக்கொண்டே அவன் விரல் எஃப் ஒன்பதை நோக்கிப் போனது. ரத்து செய்யும் விசை. இத்தனை நாளும் அதுதான் அவனைக் காப்பாற்றியிருக்கிறது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். ஏன் பிடித்தேன் என்று அந்தக் கணத்தில் என்னால் விளக்கியிருக்க முடியாது. எஃப் எட்டு அவன் நினைத்த எஃப் எட்டு இல்லை என்றால், எஃப் ஒன்பது மட்டும் அவன் நினைத்ததாக இருக்கும் என்று யார் சொன்னது? அந்தப் பலகையில் எந்த விசைக்குள் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான் தோன்றியது.

இன்சார்ஜ் போனைக் கீழே வைத்துவிட்டு வந்து திரையைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி வால்வைப் பற்றி அல்ல. “ஆறுக்குப் போற லைன்ல தகடு போட்டாச்சா?”

டேங்குக்குள் ஆள் இறங்கும் முன், உள்ளே வரும் குழாயின் இணைப்பில் இரும்புத் தகட்டை வைத்து முடுக்கிவிட வேண்டும். வால்வே திறந்தாலும் எண்ணெய் அதைத் தாண்டாது. வால்வு மோட்டாரின் கரண்ட்டையும் பிடுங்கிவிட வேண்டும். இரண்டும் முடிந்த பிறகுதான் ஆள் இறங்க அனுமதி. மோட்டாருக்குக் கரண்ட் இருக்கிறது என்பதைத் திரையே சொல்லிவிட்டது. அப்படியானால் தகடு? கரண்ட்டைப் பிடுங்க வேண்டிய எலக்ட்ரீஷியன்கள் காலையிலிருந்து யுபிஎஸ் பக்கமே நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. ஏழுமலை வெயிலைப் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வந்தது. அனுமதிக்காகக் காத்திருக்காமல் கான்ட்ராக்டர் ஆட்களை இறக்கிவிட்டார் என்று எனக்குள் ஏதோ சொன்னது.

கன்னியப்பன் சுவரில் இருந்த சிவப்புப் பட்டனைப் பார்த்தான். கண்ணாடிக்குள் இருக்கும் அவசரப் பட்டன். அழுத்தினால் கிடங்கில் எல்லா வால்வும் ஒன்றாக மூடும். இன்சார்ஜ் அவன் பார்வையைப் புரிந்துகொண்டார்.

“அது வேணாம்பா. கப்பல்ல பம்ப் ஓடுது. எல்லாத்தையும் மூடினா எண்ணெய்க்குப் போக வழி இருக்காது. கப்பல் நிக்கிற ஜெட்டில ஹோஸ் பிச்சிக்கும். அங்க எட்டு, பத்து ஆள் நிக்கிறான்.”

அவர் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் ஒரு மூச்சு விடும் நேரம்தான். இங்கே இரண்டு உயிர், அங்கே அத்தனை உயிர் என்று அவர் தராசு பிடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. எதைச் செய்தால் எது உடையும் என்று மட்டும் பார்த்தார். கப்பலில் பம்பை நிறுத்தச் சொல்லி வயர்லெஸ்ஸில் கேட்கும்படி கன்னியப்பனிடம் சொன்னார். என்னை என் அறைக்குப் போய் என் மெஷினிலிருந்து ஆறாம் வால்வை மட்டும் மூடச் சொன்னார். நான்கு திறந்தே இருக்கட்டும் என்றார். இந்த விசைப்பலகையை யாரும் தொடக் கூடாது என்றார். பிறகு ஆறாம் டேங்கின் அடிப்பக்கத்தில் ஆள் நுழையும் வாசலில் நிற்க வேண்டிய காவல் ஆளை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். இல்லை. வயர்லெஸ்ஸைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். அந்த உடம்பு ஓடும் என்று நான் நினைத்ததே இல்லை.

என் அறை அடுத்த கதவுதான். என் லாகின் வேறு. அதனால் அந்தப் பொதுக் கோப்பு என் ஷெல்லைத் தொட்டிருக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் விரல் விசையைத் தொட மறுத்தது. மேல் அம்பைத் தட்டினால் எப்போதோ அடித்த மூடும் கட்டளை வரும், டேங்க் நம்பரை மட்டும் மாற்றினால் போதும் என்று மனம் சொன்னது. அதையும் செய்யவில்லை. வருவது எந்தக் கட்டளையோ, அவசரத்தில் நம்பரை மாற்றாமலே என்டரைத் தட்டிவிடுவேனோ என்று பயம். ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். ஒரு எழுத்து தப்பாக விழுந்தது. அழித்தேன். முழு வரியையும் வாய்விட்டுப் படித்தேன். மூடு. ஆறு. ஆறுதானே? ஆறுதான். என்டர்.

பதற்றத்தில் மெதுவாகச் செய்வது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த அறையில் கன்னியப்பன் கப்பலைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது கேட்டது. கப்பல்காரர் இங்கிலீஷில் ஏதோ திருப்பிக் கேட்டார். இவன் மறுபடி சொன்னான்.

வால்வு நான் சொன்னதும் மூடவில்லை. திறந்துகொண்டிருந்த மோட்டார் முதலில் நிற்க வேண்டும், பிறகுதான் எதிர்ப்பக்கம் சுற்றும். திறப்பளவு திரையில் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஏறியது. நின்றது. நின்றபடியே இருந்தது. மோட்டார் பழுதாகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம்தான் இறங்கத் தொடங்கியது.

அந்த நேரத்தில்தான் என் வயர்லெஸ்ஸில் இன்சார்ஜின் மூச்சு கேட்டது. பேச்சு வரவில்லை, மூச்சு மட்டும். பிறகு, “நாத்தம் வருது. வாசல்கிட்டயே வருது. லாரி எதையும் ஸ்டார்ட் பண்ண விடாதீங்க.”

தகடு போடவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. லோடிங் யார்டில் டேங்கர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஒரு டிரைவர் சாவியைத் திருப்பினால் போதும். கன்னியப்பன் கன்ட்ரோல் ரூமிலிருந்து வெளியே ஓடி, படிக்கட்டின் மேல் நின்று யார்டைப் பார்த்துக் கைகளை வீசிக் கத்தினான். நான் திரையை விட்டு நகரவில்லை. வால்வு மூடி முடியும்வரை கண் எடுத்தால் ஏதாவது ஆகிவிடும் என்பது போல உட்கார்ந்திருந்தேன். அதில் அர்த்தமே இல்லை. ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.

“ஒருத்தன் வெளிய வந்துட்டான்,” என்றது வயர்லெஸ். “இன்னொருத்தன் உள்ள கீழ விழுந்துட்டான்.”

அதற்குப் பிறகு அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வால்வு முழுதாக மூடிவிட்டது என்று திரை சொன்னது. கப்பலில் பம்ப் நின்றுவிட்டது என்று கன்னியப்பன் வந்து சொன்னான். நாங்கள் செய்ய வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது. அதுதான் அன்றைய மிக மோசமான நேரம். செய்ய ஒன்றும் இல்லாமல், வயர்லெஸ்ஸைப் பார்த்தபடி இரண்டு பேர் நின்றோம்.

உள்ளே நடந்தது பிறகுதான் தெரிந்தது. எண்ணெய் டேங்கின் எதிர்ப்பக்கத்தில் தரையோடு தரையாகப் பரவி வந்திருக்கிறது. வாடை வந்ததும் கூட்டாளி வாசலை நோக்கி ஓடி வெளியே விழுந்துவிட்டார். ஏழுமலை சேற்றில் வழுக்கி விழுந்தார். எழுந்து வாசலருகே வந்து, மயங்கி மறுபடி விழுந்தார். காவல் ஆள் வயர்லெஸ் பேட்டரி தீர்ந்துபோனதால் வேறொன்று வாங்க ஸ்டோருக்குப் போயிருந்தாராம். இன்சார்ஜ் அந்த வட்ட வாசலில் வயிறு அழுந்தப் படுத்து, மூச்சை அடக்கி, உள்ளே கையை விட்டுத் துழாவி, ஏழுமலையின் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருக்கிறார். கூட்டாளி இன்சார்ஜின் கால்களைப் பிடித்துக்கொள்ள, இருவருமாக இழுத்துப் போட்டிருக்கிறார்கள். கேட்டுக்கு வெளியே நின்ற கம்பெனி ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஏழுமலைக்கு நினைவு வரவில்லை. மறுநாள்தான் வந்தது. பிழைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் நான் கன்ட்ரோல் ரூம் மெஷின் முன் உட்கார்ந்தேன். bind -s என்று அடித்தேன். எந்த விசை எந்த வரியை அடிக்கும் என்று ஷெல் காட்டியது. எஃப் எட்டு, ஆறைத் திற. எதிர்பார்த்ததுதான். அடுத்த வரியைப் படித்ததும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். எஃப் ஒன்பது, நான்கை மூடு. கன்னியப்பன் விரல் அதைத் தொட்டிருந்தால், கப்பல் தள்ளிய எண்ணெய் முழுவதும், ஒரு சொட்டு விடாமல், ஆறுக்குள் போயிருக்கும். ரத்து செய்கிறோம் என்று நினைத்துச் செய்திருப்பான். கன்னியப்பன் என் தோளுக்கு மேலாக அதைப் படித்தான். படித்துவிட்டு வெளியே போனான்.

ரகுபதி ஷிஃப்டுக்கு வந்ததும் திரையைக் காட்டினேன். அவர் பார்த்தார். படியில் உட்கார்ந்துவிட்டார். விசாரணை வைத்தார்கள். அவர்களுக்குப் பழி போட ஒரு பெயர் தேவைப்பட்டது. கன்னியப்பனைக் கொஞ்ச காலம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். தகடு இல்லாமல் ஆளை இறக்கியவர்களை விட்டுவிட்டு விசையைத் தொட்டவனைக் கேட்பது என்ன நியாயம் என்று இன்சார்ஜ் விசாரணையில் சொன்னார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். கன்னியப்பன் திரும்பி வந்தான். கான்ட்ராக்டர் திரும்பி வரவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது அதிகமில்லை. வேறொருவர் ஷெல்லில் உட்கார்ந்தால் முதலில் bind -s அடித்துப் படியுங்கள். விசையே நேராக ஒரு கட்டளையை ஓட்டும்படி வைப்பவர்களும் உண்டு. அதைப் புதிய பதிப்புகளில் bind -X காட்டும். bind -r போட்டு ஒரு விசையை எடுத்தால் அந்த ஷெல்லோடு சரி. கோப்பில் வரி இருந்தால் அடுத்த ஷெல்லில் திரும்ப வந்து நிற்கும். கோப்பைத் திறந்து எடுங்கள், புது ஷெல் திறந்து பாருங்கள். எதையாவது திறக்கிற, மூடுகிற, அழிக்கிற கட்டளையை விசையில் வைத்தே ஆக வேண்டுமென்றால் முடிவில் என்டரை வைக்காதீர்கள். அந்த ஒரு தட்டு உங்கள் கையாலேயே விழட்டும். ஏதாவது தப்பாகிவிட்டால், தப்பு செய்த அதே விசைப்பலகையில் திருத்தப் போகாதீர்கள். பயம் கையை அங்கேதான் இழுக்கும்.

ஏழுமலை குணமாகி, ஏதோ கையெழுத்துக்காக ஒருநாள் கிடங்குக்கு வந்தவர் கன்ட்ரோல் ரூம் வாசலில் வந்து நின்றார். செருப்பை வெளியே விட்டிருந்தார். இளைத்திருந்தார், குரல் கரகரத்தது. நாற்காலியில் கன்னியப்பன் இருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழுமலை அவனிடம் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்.

“எந்த பட்டன்மா அது?”

காட்டினேன். குனிந்து பார்த்தார். “இத்தினியூண்டு கீது,” என்றார்.

இப்போது அமுக்கினால் என்ன ஆகும் என்று கேட்டார். ஒன்றும் ஆகாது, மட்டம் காட்டும் பழைய வரியையும் சேர்த்து எல்லாவற்றையும் நானே எடுத்துவிட்டேன் என்றேன்.

“அப்போ அமுக்குமா. நான் பாக்குறேன்.”

அந்த விசையில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அன்று காலையும் பார்த்திருந்தேன். ஆனாலும் விரல் போகவில்லை. ஒரு நிமிடம் இருங்கள் என்று சொல்லி மறுபடி bind -s அடித்தேன். திரை ஒன்றும் காட்டவில்லை. பிறகு எஃப் எட்டை அழுத்தினேன். நெளிந்த ஒரு சின்னக் கோடு மட்டும் வந்து நின்றது. அது என்னவென்று கேட்டார். உள்ளே எதுவும் இல்லையென்றால் அது வரும் என்றேன்.

அவர் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். “சத்தமே வரல பாரு,” என்றார். “அன்னிக்கு உள்ளாரயும் அப்டித்தான். ஒரு சத்தமும் இல்ல. வாசனதான் வந்துச்சு.”

செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார். கன்னியப்பன் உட்காரவில்லை. நின்றபடியே வயர்லெஸ்ஸை எடுத்து, ஆறாம் டேங்குக்குள் யாராவது இருக்கிறார்களா என்று யார்டைக் கேட்டான். யார்டில் இருந்தவர் சிரித்துவிட்டார். ஆறு ரொம்பி வழியுற மாதிரி கீதுப்பா, உள்ள யார் இருப்பா என்றார். கன்னியப்பன் பதிலைக் கேட்டுக்கொண்டான். பிறகு அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டான்.